குகையே போதும்டா சாமி, இதுல அதுங்க வேற!

கிரியேச்சர் படம் எதாவது சொதப்பினா உடனே எல்லாரும் சிஜிய திட்டுவாங்க, பட்ஜெட் இல்லப்பா பாவம்னு ஒரு சமாதானமும் சொல்லுவாங்க. என்னைக் கேட்டா அந்த மாதிரி படங்கள்ல பாதிக்கு மேல தப்பு சிஜில இல்ல, லைட்டிங்ல. காசு போட்டு செஞ்ச மிருகமாச்சே, நல்லா தெரியணும்ல, அப்டின்னு கல்யாண மண்டபம் கணக்கா லைட்டைப் போட்டு வெச்சுட்டு அதுக்கு நடுவுல ஒரு பொம்மை வந்து உர்ர்ருன்னா யாருக்குங்க பயம் வரும். இதுக்கு நேர் எதிரா ஒரு படம் இருக்கு, 2005-ல வந்த 'தி டிசென்ட்'. நீல் மார்ஷல்னு ஒரு பிரிட்டிஷ் டைரக்டர் எடுத்தது, அதுக்கு முன்னாடி 2002-ல 'டாக் சோல்ஜர்ஸ்'னு ஸ்காட்லாந்து காட்டுல மிலிட்டரிக்காரங்களும் ஓநாய் மனுஷங்களும் மோதிக்கிற படம் ஒண்ணு பண்ணிருந்தார். டிசென்ட்டோட பட்ஜெட் 35 லட்சம் பவுண்டு. நமக்கு அது பெரிய காசு மாதிரி தெரியலாம், ஆனா அதே வருஷம் அதே மாதிரி குகைக்குள்ள மாட்டிக்கிட்டு ஜந்துங்ககிட்ட சாகுற கதையோட 'தி கேவ்'னு ஒரு அமெரிக்கப் படம் வந்துச்சு பாருங்க, அதுக்கு 3 கோடி டாலர். அவங்க ஷூட்டிங்கையே முன்னாடி ஆரம்பிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும் டிசென்ட் டீம் விழுந்தடிச்சு வேலைய முடிச்சு ஜூலை 8-ஆம் தேதி இங்கிலாந்துல ரிலீஸ் பண்ணிட்டாங்க, கேவ் வந்தது ஆகஸ்ட் கடைசில. இன்னிக்கு கேவ் பத்தி யாராவது பேசி கேட்டிருக்கீங்களா?

(இனிமே ஸ்பாய்லர் இருக்கு. படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, ஒன்னரை மணி நேர சொச்சம் தான்.)

கதை சட்டுன்னு சொல்லிடறேன். சாரான்னு ஒருத்தி, ஒரு கார் ஆக்சிடென்ட்ல புருஷனையும் சின்னப் பொண்ணையும் பறிகொடுத்தவ. ஒரு வருஷம் கழிச்சு அவ மனசை மாத்தலாம்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைல குகைக்குள்ள இறங்கற ட்ரிப் போடறாங்க, மொத்தம் ஆறு பொண்ணுங்க. ட்ரிப்போட லீடர் ஜூனோ. டூரிஸ்ட் போற குகைக்குத் தான் கூட்டிட்டு போறேன்னு சொல்லிட்டு யாரும் மேப் கூட போடாத வேற ஒரு குகைக்குள்ள கூட்டிட்டு போயிடறா, கைடு புக்கையும் வேணும்னே கார்லயே விட்டுட்டு வந்துடறா. உள்ள போற வழி இடிஞ்சு மூடிக்குது. இவங்க எங்க இருக்காங்கன்னு வெளிய ஒரு ஆளுக்கும் தெரியாது. அப்புறம் தான் தெரியுது உள்ள வேற யாரோ குடியிருக்காங்கன்னு.

இதுல ஒரு விஷயம், படத்துல வர்ற குகை குகையே கிடையாது. லண்டன் பக்கத்துல பைன்வுட் ஸ்டூடியோல போட்ட செட்டு. வெளில நடக்கற சீன் எல்லாம் ஸ்காட்லாந்துல எடுத்து அதான் அமெரிக்கான்னு சொல்லிட்டாங்க. நிஜ குகைக்குள்ள யூனிட்டை இறக்கினா ஆபத்து, நேரமும் ஆகும், அதனால சைமன் பவுல்ஸ்ங்கற ப்ரொடக்‌ஷன் டிசைனர் பாறை பாறையா செஞ்சு குடுத்திருக்கார். குணா குகைய செட்டு போட்டு எடுத்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்துட்டு நம்ம ஊரே ஆச்சரியப்பட்டுச்சுல்ல, அதே வித்தை தான், ஆனா இங்க காசு கம்மின்றதால ஒரே செட் பீஸை திருப்பித் திருப்பி வேற வேற இடம் மாதிரி யூஸ் பண்ணிருக்காங்க. பார்க்கும்போது ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா முழு செட்டு எந்த ஷாட்லயும் நம்ம கண்ணுக்கே தெரியாது.

அதான் இந்தப் படத்தோட பெரிய ஐடியா. குகைக்குள்ள இறங்கினதுக்கப்புறம் அந்தப் பொண்ணுங்க கைல கொண்டு வந்த வெளிச்சம் தான் வெளிச்சம், அதைத் தாண்டி வேற லைட்டே இல்லாத மாதிரி தான் கேமராமேன் சாம் மெக்கர்டி மொத்தப் படத்தையும் எடுத்திருக்கார். ஹெல்மெட்ல இருக்கற லைட்டு, பச்சைக் கலர் குளோ ஸ்டிக், செக்கச்செவேல்னு எரியற ஃப்ளேர், ஹேண்டிகேமோட நைட் விஷன், கடைசில எல்லாம் தீர்ந்து போனதும் துணி சுத்திக் கொளுத்தின தீப்பந்தம். நிறைய படத்துல குகை சீன்ல எங்க இருந்தோ ஒரு நீலக் கலர் நிலா வெளிச்சம் வரும் பாத்திருக்கீங்களா, பூமிக்கு அடியில எந்த நிலா வந்துச்சுன்னே தெரியாது, அந்த ஏமாத்து வேலைய இதுல பண்ணல. ஸ்க்ரீன்ல முக்கால்வாசி வெறும் கருப்பு, ஒரு மூலைல மட்டும் ஒரு மூஞ்சியும் கொஞ்சம் ஈரப் பாறையும் தெரியும். ஆறு பேரும் ஒண்ணா இருக்கும்போது ஆறு லைட்டு சேர்ந்து ஓரளவுக்காவது இடம் புரியும், அவங்க பிரிய பிரிய நம்ம ஸ்க்ரீனும் இருட்டிக்கிட்டே போகும். யார் கைல என்ன லைட்டு மிச்சம் இருக்குன்னு நம்மளே கணக்கு வெச்சுக்க ஆரம்பிச்சுடுவோம். ஃப்ளேர் எரிஞ்சு முடியப்போகுதுன்னா ஒண்ணுமே நடக்காட்டியும் வயித்தைக் கலக்கும். டைரக்டர் அந்த இருட்டுல எதையுமே வெக்க வேண்டியதில்ல, செலவு பூஜ்யம், என்ன இருக்கும்னு யோசிக்கற வேலைய நம்ம தலைல கட்டியாச்சு. 1942-லயே ஹாலிவுட்ல 'கேட் பீப்பிள்' படத்துல இதைப் பண்ணிட்டாங்க, சிறுத்தைய காட்ட காசு இல்லாம சுவத்துல நிழலையும் சத்தத்தையும் வெச்சே ஒரு ஸ்விம்மிங் பூல் சீனை எடுத்தாங்க, இன்னிக்கும் அது வேலை செய்யுது.

கலர் விஷயம் இன்னொண்ணு. குளோ ஸ்டிக் வெளிச்சத்துல எல்லார் மூஞ்சியும் பச்சையா செத்த பிணம் மாதிரி இருக்கும், ஃப்ளேரைப் பத்த வெச்சா மொத்த இடமும் ரத்தக் கலருக்கு மாறிடும், தீப்பந்தம் வந்ததும் ஒரு ஆதிகால மஞ்சள். அதனால ஒரே செட்டா இருந்தாலும் ஒவ்வொரு இடமும் புதுசா தெரியுது, கூடவே கதையும் நாகரிகத்துல இருந்து பின்னாடி பின்னாடி போகுது, பேட்டரில ஆரம்பிச்சு நெருப்புல முடியுது. இதையெல்லாம் யாரும் வசனத்துல சொல்ல மாட்டாங்க, அது தான் அழகு.

இப்ப அந்த சந்து சீனுக்கு வரேன். இந்தப் படத்துல எனக்கு ரொம்ப பயமான சீன் எதுன்னு கேட்டா ஜந்து வர்ற சீன் எதுவும் கிடையாது, இது தான். ஒரு ஆள் குப்புறப் படுத்து தவழ்ந்தா மட்டுமே போகக்கூடிய ஒரு பொந்து, ஒவ்வொருத்தியா அதுக்குள்ள போறாங்க, சாரா நடுவுல மாட்டிக்கறா. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல, கைய மடக்கக் கூட இடம் இல்ல. கேமரா அவ மூஞ்சிக்கு எதிர்ல, அதே பொந்துக்குள்ள தான் இருக்கு. அவளுக்கு மூச்சு வாங்குது, மூச்சு வாங்க வாங்க நெஞ்சு விரிஞ்சு இன்னும் இறுகுது, பதட்டப்படாதன்னு சொன்னா இன்னும் பதட்டம் ஏறுது. அவளோட ஃப்ரெண்டு பெத் திரும்பி தவழ்ந்து வந்து அவ மூஞ்சிக்கு நேரா மூஞ்சிய வெச்சு பேச்சு குடுக்கறா, ஒரு அசிங்கமான மொக்கை ஜோக் சொல்றா, சாரா சிரிச்சுடறா, நமக்கும் அப்பாடான்னு இருக்கும். அந்த நேரம் பார்த்து மேல மண்ணு பொலபொலன்னு கொட்ட ஆரம்பிக்கும். இந்த சீன் மொத்தமும் பாத்தீங்கன்னா ரெண்டு நடிகைங்க, ஒரு பொந்து, ரெண்டு ஹெல்மெட் லைட்டு, அவ்ளோ தான். ஒரு எஃபெக்டும் கிடையாது. நான் எங்க அக்காவோட லேப்டாப்ல பார்த்தப்ப அவ எந்திரிச்சுப் போய் ரூம் கதவைத் திறந்து வெச்சுட்டு வந்து உக்காந்தா, காத்து வரட்டும்னு.

இதுக்கப்புறமும் ஜந்து வராது. ஒரு பெரிய பள்ளத்தை கூரைல தொங்கிக்கிட்டே தாண்டணும், கயிறு உள்ளங்கைய கிழிக்கும். அந்த ஆறு பேர்ல ஒருத்தி ஹாலி, வெளிச்சம் தெரியுதுன்னு ஓடி ஒரு குழிக்குள்ள விழுந்து கால் எலும்பு வெளிய வந்துடும், அந்த வெளிச்சமும் வெளிச்சம் இல்ல, பாறைல இருக்கற பாஸ்பரஸ். அந்த எலும்பை மெடிக்கல் படிக்கற பொண்ணு சாம் உள்ள தள்ளி கட்டு போடறதை நான் இன்னி வரைக்கும் முழுசா பார்த்ததில்ல. அங்கங்க தூரத்துல எதோ அசையற மாதிரி இருக்கும், சாரா மட்டும் ஒரு உருவத்தைப் பார்ப்பா, மத்தவங்க நம்ப மாட்டாங்க, பாவம் அவளே மனசு உடைஞ்சு மாத்திரை சாப்பிடறவ, அவளுக்கு அப்பப்போ குழந்தை சிரிக்கற சத்தம் வேற கேக்கும். நம்மளும் பாதி நம்ப மாட்டோம். கிட்டத்தட்ட படம் பாதி தாண்டற வரைக்கும் இப்டியே தான் ஓடும். அதுக்குள்ள குகை நம்மள அடிச்சுத் துவைச்சுப் போட்டுடும். நிறைய கிரியேச்சர் படங்கள்ல ஜந்து வந்தா தான் பயம் ஆரம்பிக்கணும், இங்க ஏற்கனவே உச்சத்துல இருக்கற பயத்துக்கு மேல அதுங்க வந்து ஏறிக்குது.

அதுங்க முதல் தடவை பளிச்சுன்னு வர்ற ஷாட் தெரியும்ல? தரை பூரா மிருக எலும்புங்க கிடக்கற ஒரு இடத்துக்கு வந்து சேருவாங்க. ஹேண்டிகேமை நைட் விஷன்ல போட்டு சுத்திப் பார்ப்பாங்க, நமக்கு ஸ்க்ரீன்ல அந்த கேமரா ஃபுட்டேஜ், ஒவ்வொரு மூஞ்சியா வரும், எல்லாரும் சண்டை போட்டுக் கத்திக்கிட்டு இருப்பாங்க, கேமரா அப்டியே நகரும்போது ஒருத்திக்குப் பின்னாடி அது சும்மா நின்னுக்கிட்டு இருக்கும். பாயல, கத்தல, சும்மா நிக்குது. எவ்ளோ நேரமா நிக்குதுன்னு தெரியாது, அது தான் கொடுமை. ஷூட்டிங்ல ஜந்து வேஷம் போட்டவங்களை இந்த நடிகைங்க கண்ணுலயே காட்டாம ஒளிச்சு வெச்சிருந்து, முதல் சந்திப்பு சீன் எடுக்கும்போது தான் காட்டிருக்காங்க. படத்தை கூடுமானவரைக்கும் கதை வரிசைப்படியே எடுத்ததால இதை செய்ய முடிஞ்சுது. இதுக்கு ஒரு பைசா செலவு ஆகியிருக்குமா சொல்லுங்க. அந்த சீன்ல வர்ற அலறல்ல நடிப்பு எவ்ளோ நிஜம் எவ்ளோன்னு பிரிக்க முடியாது.

அந்த ஜந்துங்களுக்கு கிராலர்ஸ்னு பேரு, எல்லாமே ஆளுங்க தான். நடிகர்ங்க உடம்பு பூரா மேக்கப், பால் ஹையெட்னு ஒருத்தர் பண்ணினது. வெளுத்துப் போன ஈரத்தோல், மூஞ்சி கிட்டத்தட்ட மனுஷ மூஞ்சி. டைரக்டரோட கற்பனை என்னன்னா ஆதி மனுஷன் குகைய விட்டு வெளிய வந்தான்ல, அதுல வெளிய வராமலே உள்ளயே தங்கிட்ட ஒரு கூட்டம், காலப்போக்குல கண்ணு போயிடுச்சு, காது கூர்மையாயிடுச்சு. ஆம்பளை மட்டும் இல்ல, பொம்பளை இருக்கு, குட்டி கூட இருக்கு, ஒரு குடும்பமாத்தான் இருக்குங்க. யோசிச்சா அதுங்க வீட்டுக்குள்ள நம்ம ஆளுங்க தான் அத்துமீறி நுழைஞ்சிருக்காங்க.

கண்ணு தெரியாதுங்கறது எவ்ளோ பெரிய லாபம்னு பாருங்க. நம்ம ஹீரோயினுக்கு லைட்டை அணைக்கவே வேண்டாம். லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஜந்து அவ மூஞ்சிக்குப் பக்கத்துல வந்து நிக்கும், அந்த ஹெல்மெட் வெளிச்சத்துலயே நமக்கு அதோட பல்லு வரைக்கும் தெரியும், ஆனா அதுக்கு அவ தெரிய மாட்டா. சத்தம் வந்தா செத்தா. அதனால தியேட்டர்ல உக்காந்திருக்கற நம்மளும் மூச்சைப் பிடிச்சுக்கறோம், பாப்கார்ன் கவர்ல கைய விடறவன் கூட நிறுத்திடுவான். அதுங்க தொண்டைல இருந்து ஒரு க்ளிக் க்ளிக் சத்தம் போடும், அது எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தேடறதுலயே பாதி உயிர் போயிடும், ஹெட்போன் போட்டுப் பாருங்க புரியும். மியூசிக் டேவிட் ஜூல்யன், கஜினி புண்ணியத்துல நமக்கெல்லாம் தெரிஞ்ச மெமெண்டோவுக்கு மியூசிக் போட்ட அதே ஆள், எங்க சும்மா இருக்கணும்னு தெரிஞ்ச மனுஷன்.

குறை இல்லாம இல்ல. கடைசி அரை மணி நேரத்துல ஜந்துங்க எண்ணிக்கை ரொம்ப ஏறிடுது, ஏறினதும் பலம் குறைஞ்சுடுது, ஜூனோ தனியாளா பிக் ஆக்ஸை வெச்சு ஒண்ணொண்ணா அடிச்சுப் போடும்போது கொஞ்சம் சண்டைப் படம் ஆயிடுது. எடிட்டிங்கும் அங்க படபடன்னு வெட்டறதால யாரு யாரை அடிக்கறான்னே சில இடத்துல புரியல. இன்னொரு சந்தேகம், காது அவ்ளோ கூர்மைன்னா மோப்பமும் இருக்கணும்ல, ரத்தம் சொட்ட சொட்ட பக்கத்துலயே படுத்திருக்கறவளை எப்டி விட்டுட்டு போகுது? இதுக்கு பதில் இல்ல, விட்டுடுவோம்.

ஆனா அந்த இடத்துல படத்தைத் தாங்கறது ஜந்து இல்ல, சாராவும் ஜூனோவும். முதல் சீன்லயே சாரா புருஷனும் ஜூனோவும் பார்த்துக்கற ஒரு பார்வை இருக்கும், கவனிச்சவங்களுக்கு மட்டும் தான் தெரியும். அப்புறம் இருட்டுல நடக்கற கலவரத்துல பின்னாடி வந்தது யாருன்னு பார்க்காம ஜூனோ திரும்பி பிக் ஆக்ஸை சொருகிடறா, அது ஜந்து இல்ல, பெத்தோட கழுத்து. பெத் விழும்போது ஜூனோவோட கழுத்துல இருந்த டாலரைப் பிடிச்சு இழுத்துடறா, ஜூனோ அவளை அப்டியே விட்டுட்டுப் போயிடறா. அந்த டாலர்ல இருக்கற வாசகம் சாரா புருஷன் அடிக்கடி சொல்ற வார்த்தை. இவ்ளோ தான், ஒரு டாலரை வெச்சே கள்ளத்தொடர்பு, துரோகம், கொலை எல்லாத்தையும் சொல்லி முடிச்சாச்சு, ஃப்ளாஷ்பேக் கிடையாது, அழுகாச்சி டயலாக் கிடையாது. கடைசில சாரா அந்த டாலரைக் காட்டி ஜூனோவைப் பார்க்கற பார்வை இருக்கே, ஷானா மெக்டொனால்டு என்ன நடிகைங்க! உடம்பு பூரா ரத்தம், கண்ணு மட்டும் வெள்ளையா தெரியும்.

ஆறு பேரும் பொண்ணுங்கங்கறதும் முதல்ல ப்ளான்ல இல்லையாம், ஆம்பளைங்களும் கலந்து தான் எழுதிருக்கார், அப்புறம் ஹாரர்ல பொண்ணுங்க மட்டுமே இருக்கற படம் வர்றதே இல்லையேன்னு மாத்திருக்காங்க. அதுலயும் ஒரு சாமர்த்தியம், எல்லாரும் ஹெல்மெட், எல்லாரும் சேறு, இருட்டுல யாரு யாருன்னு எப்டி கண்டுபிடிக்கறது? அதுக்காக ஒவ்வொருத்திக்கும் வேற வேற நாட்டு ஆக்சென்ட் குடுத்திருக்காங்க. குரலை வெச்சே ஆளைத் தெரிஞ்சுக்கலாம். நமக்கு சப்டைட்டில் போட்டுப் பார்க்கும்போது இந்த வசதி கொஞ்சம் அடிபடும், அது வேற விஷயம்.

சம்பந்தமில்லாம ஒரு தகவல். படத்தோட தயாரிப்பாளர் கிறிஸ்டியன் கோல்சன், கம்பெனி செலடார். 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பார்த்திருப்பீங்கல்ல, அதோட ஒரிஜினல் பிரிட்டிஷ் ஷோவைப் பண்ணினது செலடார் குரூப் தான். மூணு வருஷம் கழிச்சு இதே கோல்சன் தயாரிச்ச படம் தான் 'ஸ்லம்டாக் மில்லியனர்', நம்ம ரஹ்மான் ரெண்டு ஆஸ்கரைத் தூக்கிட்டு வந்த படம்.

சரி, க்ளைமாக்ஸ். இதுக்கு ரெண்டு முடிவு இருக்கு, எதைப் பார்த்தீங்கன்னு செக் பண்ணிக்கோங்க. இங்கிலாந்துல வந்த வெர்ஷன்ல சாரா வெளிய வந்து காரை எடுத்துட்டுப் போயிடற மாதிரி வரும், பக்கத்து சீட்டுல ரத்தமா ஜூனோ உக்காந்திருப்பா, அப்புறம் முழிச்சுப் பார்த்தா இன்னும் குகைக்குள்ள தான் இருக்கா. எதிர்ல செத்துப் போன பொண்ணு பிறந்தநாள் கேக்கோட உக்காந்திருக்கு, இவ சிரிக்கறா, கேமரா பின்னாடி வர வர அங்க கேக்கு இல்ல பொண்ணு இல்ல, தீப்பந்தம் ஒண்ணு தான் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, க்ளிக் சத்தம் நெருங்குது. அமெரிக்காவுல 2006 ஆகஸ்ட்ல ரிலீஸ் பண்ணும்போது கார் சீட்டு ஷாக்கோட வெட்டிட்டாங்க, ஆடியன்ஸுக்கு ரொம்ப சோகமா இருக்கும்னு. அந்த ஒரு நிமிஷ சொச்சத்தை வெட்டினதுல சாரா தப்பிச்சுட்டா, படம் தான் தப்பிக்கல. முழு முடிவு உள்ள வெர்ஷன் கிடைச்சா அதையே பாருங்க, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, முக்கியமா ஒண்ணும் தெரியலையேன்னு ப்ரைட்னஸைக் கூட்டாம.

போட்ட காசுக்குப் பல மடங்கு, உலகம் பூரா 5 கோடி டாலருக்கு மேல வந்துச்சு, அப்புறம் என்ன, 2009-ல ரெண்டாம் பாகம். முதல் படத்தோட எடிட்டர் ஜான் ஹாரிஸ் தான் டைரக்டர். அமெரிக்க முடிவை வெச்சுக்கிட்டு சாரா வெளிய வந்துட்டான்னு ஆரம்பிச்சு, அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லி, ஒரு ஷெரிஃப் அவளையே வழி காட்ட சொல்லி மறுபடியும் அதே குகைக்குள்ள இறக்கறார். ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏறிட்டு இருக்க வேண்டியவளை! எந்த ஊர் போலீஸ்யா இது.